கூட்டத்தில் பிறந்த தட்டு

சீனத்தில் பீங்கான் செய்யும் ஊரான ஜிங்தேஜெனின் பட்டறைகளில் நீலப் பூ வரைந்தவர்களின் கிண்ணத்தில் இருந்த மை நீலமாக இருக்கவில்லை. கோபால்ட் தாதுவை நாள்கணக்கில் அரைத்துத் தண்ணீரில் கரைத்தால் கிடைப்பது அழுக்குச் சாம்பல் நிறக் குழம்பு. சில சமயம் கறுப்பு. அதைத் தூரிகையில் தொட்டு, உலர்ந்தும் இன்னும் சுடாத பச்சைக் கலத்தின் மேல் இழுக்க வேண்டும். பச்சைக் கலம் ஈரத்தை அந்தக் கணமே உறிஞ்சிவிடும். அழிக்க முடியாது. தயங்கினால் தயங்கிய இடத்தில் பொட்டு விழும். வரைந்து முடித்ததும் இன்னொருவர் அதை எடுத்துக் கண்ணாடிப் பூச்சுக் குழம்பில் முக்குவார், அல்லது மூங்கில் குழாயால் ஊதித் தெளிப்பார். படம் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் காணாமல் போகும். பிறகு சூளை. ஏறத்தாழ 1,300 டிகிரி வெப்பத்தில் மண்ணும் பூச்சும் ஒன்றோடொன்று உருகிப் பிடித்த பிறகுதான் நீலம் வெளிப்படும். அதற்குள் வரைந்தவர் சில நூறு தட்டுகளைத் தாண்டிப் போயிருப்பார். தான் தொட்ட தட்டு எந்த நீலத்தில் வெந்து வந்தது என்று அவர் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அப்படி ஒரே ஆள் உட்கார்ந்து ஒரு தட்டை முழுக்க வரைந்ததும் இல்லை. ஃப்ரான்ஸ்வா சேவியே தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சு யேசுசபைப் பாதிரியார் 1712இலும் 1722இலும் சீனத்திலிருந்து எழுதிய இரண்டு நீண்ட கடிதங்களில் இந்த வேலைப் பிரிவினையை விரிவாகச் சொல்கிறார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களில் சிலர் பட்டறைத் தொழிலாளிகள். அவர்களிடம் கேட்டும் தானே பார்த்தும் எழுதினார். ஆன்ம விசாரத்தோடு தொழில் உளவும் சேர்ந்தே நடந்தது. விளிம்பை ஒட்டி வளையம் இழுப்பவர் வளையம் மட்டும் இழுப்பார். பூவின் கோட்டை ஒருவர் போட, உள்ளே நிறம் நிரப்புவது மற்றவர். மலையும் நீரும் ஒருவர் பொறுப்பு, பறவையும் விலங்கும் வேறொருவர் பொறுப்பு. ஒரு பாண்டம் முடிவதற்குள் எழுபது பேர் கையைத் தாண்டிவிடுகிறது என்கிறார். மூவாயிரம் சூளைகள், பத்து லட்சம் ஜனம் என்றும் எழுதுகிறார். அந்தத் தொகைகளைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். எழுபது கை என்பதை நான் அப்படியே நம்புகிறேன். தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும்.

பழைய நீல-வெள்ளைப் பீங்கான் சேகரிக்கிறவர்களின் பேச்சில் ஓயாமல் அடிபடுவது கைத்திறன். இந்த மலையின் கோடு என்ன உறுதி, அந்த வில்லோ மரக்கிளை என்ன நளினம் என்று சொக்கிப்போவார்கள். ஓவியத்துக்கு வைத்திருக்கும் ரசனையை இங்கே கொண்டுவந்து வைக்கிறோம். ஒருவர் மனம் ஒன்றி வரைந்தார், அதை நாம் கண்டுகொண்டோம் என்று நினைத்துக்கொள்ள நமக்குப் பிடிக்கும். ஏற்றுமதிப் பீங்கானில் அது பொருந்தாது. அங்கே நாம் ரசிப்பது அவசரத்தை. தினமும் நூறு பத்திரத்தில் கையெழுத்துப் போடும் சார்பதிவாளரின் பெயர் ஒரு கட்டத்தில் எழுத்தெல்லாம் உதிர்ந்து ஒரே சுழிப்பாகிவிடும் அல்லவா? ஏற்றுமதித் தட்டின் பாலத்தில் நிற்கும் மனிதன் அப்படித்தான் ஆனான். முதலில் அவனுக்குத் தொப்பியும் அங்கியும் கைத்தடியும் இருந்தன. நூறாண்டு கழித்து மூன்று தீற்றல். அந்த மூன்று தீற்றலில் மனிதன் நிற்கிறான் என்பதுதான் வியப்பு. அந்தச் சுருக்கத்தை எந்த ஒரு மேதையும் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்களின் சலிப்பும் பழக்கமும் சேர்ந்து அதைச் செதுக்கின.

என்னிடம் இருக்கும் தட்டு ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பினாங்கில் வாங்கியது. கடைக்காரர் தமிழ் முஸ்லிம், வயதானவர். நான் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ஏதோ தெரிந்தவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். “கண்ணால பாக்குறது அப்புறம் தம்பி. மொதல்ல கவுத்துப் போட்டு அடியைத் தடவிப் பாருங்க” என்றார். இந்தத் துறையில் எனக்குக் கிடைத்த புத்தகப் படிப்பு எல்லாவற்றையும்விட அது பயன்பட்டது. முகத்தில் இருக்கிற படத்தை யாரும் போலி செய்யலாம். தட்டு நிற்கும் அடிவளையத்தைப் போலி செய்வது கடினம். பூச்சைத் துடைத்துவிடும் இடம் அது. இல்லாவிட்டால் கலம் சூளையில் தாங்கியோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே வெறும் மண் தெரியும். பழைய சீனத் தட்டில் பூச்சு முடிந்து மண் தொடங்கும் கோட்டில் துருப்பிடித்த மாதிரி மெல்லிய செம்பழுப்பு ஓடும். மண்ணில் இருக்கும் இரும்பு நெருப்பில் செய்த வேலை. விரலால் தடவினால் ஈர சோப்பைப் போல் வழவழப்பும், இடையிடையே சூளை மணல் ஒட்டிய சொரசொரப்பும் தெரியும். ஜப்பானிய அரிட்டா தட்டு என்றால் அடியில் மூன்று நான்கு சிறு தழும்புகள் இருக்கும். பெரிய தட்டுகள் வெந்துகொண்டிருக்கும்போது நடு தொய்ந்துவிடாமல் இருக்க அவர்கள் கீழே முளை வைத்தார்கள்; அந்த முளைகளை உடைத்தெடுத்த வடு.

என் தட்டு பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயச் சந்தைக்காகச் செய்தது. நடுவில் ஏரி, கரையில் அடுக்கு மண்டபம், ஒரு பாலம், வில்லோ, ஆளில்லாத படகு. விளிம்பில் பின்னல் வேலி போன்ற பட்டை. பட்டை தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சரியாகப் பொருந்தவில்லை; கடைசிக் கட்டம் பாதியாக நெருக்கிச் செருகப்பட்டிருக்கிறது. பட்டைக்காரர் வேறு, ஏரிக்காரர் வேறு என்பது நீலத்தின் அடர்த்தியிலேயே தெரியும். ஏரிக்காரரின் தூரிகையில் தண்ணீர் அதிகம். இரண்டு தீற்றல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடங்களில் நீலம் கறுத்துத் திட்டாகியிருக்கிறது. வானத்தில் குண்டூசித் தலையளவு ஒரு கரும்புள்ளி. அரைபடாத இரும்புத் துகள். பறவை என்று நினைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. சாய்த்துப் பிடித்தால் ஏரியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நூல்நூலாய்க் கீறல்கள். கத்தியும் முட்கரண்டியும் வைத்து இறைச்சி அறுத்த தடம். ஜிங்தேஜெனில் இந்த ஏரியை வரைந்தவர் சாப்பிட்டது குச்சிகளால். தன் ஏரியின் மேல் கத்தி ஓடும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

செய்தவர்களுக்குச் சாப்பிடுகிறவர்களைத் தெரியாது. சாப்பிட்டவர்களுக்குச் செய்தவர்களைத் தெரியாது. நடுவில் மாதிரிகள் போய்வந்தன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1630களில் மரத்தில் கடைந்த மாதிரிகளைக் கொடுத்தனுப்பியது: அகல விளிம்புத் தட்டு, பீர்க் குவளை, கடுகுக் கிண்ணம், உப்புக் கிண்ணம். இதெல்லாம் எதற்கு என்று கேட்காமல் செய்துகொடுத்தார்கள். 1734இல் அதே கம்பெனி கொர்னேலிஸ் பிராங்க் என்ற ஓவியரைச் சம்பளத்துக்கு அமர்த்திச் ‘சீன’ ஓவியங்கள் வரையச் சொன்னது. குடை பிடித்த பெண்மணி, அருகில் நீர்ப்பறவைகள். சீனத்தைப் பார்த்தறியாத டச்சுக்காரர் கற்பனை செய்த சீனம் சீனத்துக்கே போய், அதைச் சீனக் கைவினைஞர்கள் சிரத்தையாகப் பிரதியெடுத்து, மறுபடி ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தது. விலை கட்டுப்படியாகவில்லை, சில ஆண்டுகளில் கம்பெனி அதைக் கைவிட்டது. குடும்ப முத்திரை போட்ட தட்டுகளில் இன்னும் வேடிக்கை. இங்கே சிவப்பு, இங்கே பச்சை என்று மாதிரித் தாளில் குறித்திருந்த சொற்களையும் முத்திரையின் பகுதி என்று எண்ணி அழகாக எழுதிச் சுட்டு அனுப்பியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட தட்டுக்கு இன்று ஏலத்தில் தனி மதிப்பு.

சரக்கு போன வழியையும் பார்க்க வேண்டும். ஜிங்தேஜெனிலிருந்து சாங் ஆற்றில் படகு, போயாங் ஏரி, கான் ஆற்றில் எதிர்நீச்சல், மெய்லிங் கணவாயில் தலைச்சுமை, மறுபடி ஆறு, அப்புறம் காண்டன் துறைமுகம். தங்கமும் சிவப்பும் வேண்டுமானால் வெள்ளைக் கலத்தைக் கொண்டுவந்து காண்டனிலேயே மேலே வரைந்து இளஞ்சூட்டில் சுட்டுக்கொள்ளலாம். நீலத்துக்கு அந்தச் சௌகரியம் இல்லை. பூச்சுக்கு அடியில் இருப்பதால் பிறந்த இடத்திலேயே முடிந்தாக வேண்டும். கப்பலில் அதற்குக் கிடைத்த இடமும் அடித்தளம்தான். ஐரோப்பியர்கள் சீனத்துக்கு வந்தது தேயிலைக்காக. தேயிலை எடை குறைந்தது, ஈரம் பட்டால் கெட்டுவிடும். பீங்கான் கனமானது, தண்ணீரில் ஊறினாலும் ஒன்றும் ஆகாது. பீங்கான் பெட்டிகளை அடியில் பரப்பினால் கப்பலுக்கு நிலை கிடைக்கும், தேயிலைக்கு உயரமான தரையும் கிடைக்கும். ஐரோப்பியச் சாப்பாட்டு மேசைகளின் பெருமை ஒரு காலத்தில் தேயிலைக்கு அடிபாரமாகக் கிடந்தது.

1751 டிசம்பரில் காண்டனிலிருந்து புறப்பட்ட கெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பலின் சரக்குப் பட்டியலைப் படிப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. 203 பெட்டிப் பீங்கான். அதில் தேநீர்க் கோப்பைகள் மட்டும் தட்டுடன் 63,623. விருந்து மேசைக்கான முழுத் தொகுதிகள் 171. 578 தேநீர்க் கெண்டிகள். எச்சில் துப்ப, வாந்தியெடுக்க என்று தனித்தனிக் கலங்கள். எல்லாம் சேர்ந்தும் சரக்கின் மதிப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்துதான். மீதியில் பெரும்பங்கு தேயிலைக்கு. 1752 ஜனவரி 3ஆம் தேதி பிந்தான் தீவுப் பக்கத்தில் பாறையில் மோதி மூழ்கியது. இருந்தவர் 112 பேர், கரை சேர்ந்தது 32.

கணக்கேட்டில் கும்பலாக இருந்த இந்தப் பொருள் எங்கே முதலில் ஒற்றையாயிற்று என்று யோசித்தால் எனக்கு விலெம் கால்ஃபின் ஓவியங்கள் நினைவுக்கு வருகின்றன. பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர். இருண்ட பின்னணி, கம்பள விரிப்பு, தோல் சுருளாகத் தொங்கும் எலுமிச்சை, பக்கத்தில் சற்றே சாய்த்து வைத்த ஒரே ஒரு நீல-வெள்ளைக் கிண்ணம். ஒளி அதன் மேல்தான் விழுகிறது. அப்படியொரு கிண்ணத்தை அதைச் செய்த ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. அங்கே அது அடுக்கில் ஒன்று. நாம் இன்று கண்ணாடிப் பேழைக்குள் சிறு விளக்குப் போட்டு ஒற்றைத் தட்டை நிறுத்திவைக்கிறோமே, அந்தப் பழக்கத்தைக் கால்ஃப்தான் தொடங்கிவைத்தார் என்று எனக்குத் தோன்றும். அரசர்களுக்கு அந்த ரசனை இருக்கவில்லை. அவர்களுக்குக் கும்பல்தான் அழகு. லிஸ்பனில் சாந்தோஸ் அரண்மனையில் ஒரு கூம்புக் கூரை. அதன் உட்புறம் முழுக்க 260க்கும் மேற்பட்ட நீல-வெள்ளைத் தட்டுகள் பதித்திருக்கிறார்கள். கழுத்தை ஒடித்துப் பார்த்தால் ஒரு தட்டும் தனியாகக் கண்ணில் நிற்காது. சாக்சனி ஆட்சியாளர் அகஸ்டஸ் 1717இல் பிரஷ்ய மன்னருக்குத் தன் குதிரைப்படை வீரர்கள் 600 பேரைக் கொடுத்து 151 பீங்கான் பாத்திரங்களை வாங்கிக்கொண்டார். ஆளுக்குக் கால் பாத்திரம் என்ற கணக்கு. அந்த வீரர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை.

ஐரோப்பாவில் சீனப் பீங்கான் மோகம் பற்றிக்கொண்டதில் கொள்ளைக்குப் பங்கு உண்டு. 1603இல் சிங்கப்பூர் அருகே சாந்தா கத்தரீனா என்ற போர்த்துக்கீசியக் கப்பலை டச்சுக்காரர்கள் பிடித்து, அதிலிருந்த பீங்கானையும் பட்டுச் சரக்கையும் அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டார்கள். பிரான்ஸ், இங்கிலாந்து மன்னர்கள்வரை வாங்கினார்கள். பிடித்தது நியாயமே என்று வாதாட இளம் வழக்கறிஞர் ஹியூகோ குரோஷியஸை நியமித்தார்கள். அவர் எழுதியதன் ஓர் அத்தியாயம்தான் 1609இல் ‘மாரே லீபெரும்’ என்ற நூலாகிக் கடல்சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்றானது. அதே ஆம்ஸ்டர்டாமில் 1986 ஏப்ரல் இறுதியில் இன்னொரு ஏலம். மைக்கேல் ஹாட்சர் என்பவர் முந்தைய ஆண்டு கெல்டர்மால்சனைக் கண்டுபிடித்து, ஏறத்தாழ 1,60,000 பீங்கான்களை மேலே கொண்டுவந்திருந்தார். மட்கிய தேயிலைச் சேறு அவற்றை மெத்தைபோல் மூடிக் காத்திருந்தது. கடலில் கிடந்த பாண்டங்களில் மேற்பூச்சாகப் போட்ட சிவப்பும் பொன்னும் உதிர்ந்துபோகும். கண்ணாடிக்கு அடியில் இருந்த நீலம் நேற்றுச் சுட்டதுபோல் இருக்கும். கிறிஸ்டீஸ் நிறுவனம் ‘நான்கிங் சரக்கு’ என்று பெயர் சூட்டி ஐந்து நாள் விற்றது.

சீன அரசு இரண்டு பீங்கான் நிபுணர்களை 30,000 டாலரோடு அந்த ஏலத்துக்கு அனுப்பியது. விலை ஏறிய வேகத்தில் அவர்களால் ஒரு பொருளும் வாங்க முடியவில்லை. வெறுங்கையோடு ஊர் திரும்பி அறிக்கை கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே சீனத்தில் கடலடித் தொல்லியல் பிரிவு தொடங்கியது. அந்த 1987இல் குவாங்தோங் கடலில் கண்டுபிடித்த நான்ஹாய்-1 என்ற சோங் காலக் கப்பலை அவர்கள் கையாண்ட விதம் ஏலக்காரர்களுக்கு நேர் எதிரானது. பாண்டங்களை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டுப் போகவில்லை. இருபது ஆண்டு பொறுத்து, 2007 டிசம்பரில் கப்பல், சேறு, சரக்கு எல்லாவற்றையும் பெரிய எஃகுப் பெட்டியில் அடைத்து அப்படியே தூக்கி, அதற்கென்றே கட்டிய அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். எந்த அடுக்கின்மேல் எந்த அடுக்கு இருந்தது, எதற்குள் எதைச் செருகியிருந்தார்கள் என்று இப்போது படிக்கலாம்.

ஹாட்சர் 1999இல் தெக் சிங் என்ற சீனக் கப்பலையும் கண்டுபிடித்தார். 1822இல் அமோயிலிருந்து பட்டேவியாவுக்குப் போனபோது மூழ்கியது. அதில் போனவர்கள் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட ஏழைகள். 1,500 பேருக்கும் மேல் இறந்தார்கள். அடியிலிருந்த 3,50,000 பீங்கான்கள் 2000ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் ஏலம் போயின. ஒரு கிண்ணம் இன்றும் சாமானியர் வாங்கக்கூடிய விலைக்குக் கிடைக்கும். அதன் அடியில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஸ்டிக்கர் இருந்தால் ஒரு விலை, கழுவும்போது போய்விட்டால் வேறு விலை. வாங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அந்தக் கிண்ணங்களைக் கையில் எடுத்து விலை கேட்டவன்தான். ஆனால் ஸ்டிக்கர் என்பது இறந்தவர்களின் பெயரால் கிடைக்கும் நற்சான்று என்பதை மறந்துவிட்டு வாங்குவது கஷ்டம்.

ஒன்பதாம் நூற்றாண்டின் பெலிதுங் கப்பல் விவகாரம் இவற்றுக்கு இடைப்பட்டது. அரபுப் பாணியில் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல். 1998இல் தனியார் நிறுவனம் மீட்டது. தொல்லியலாளர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் 60,000 அளவில் இருந்த கலங்களைப் பிரிக்காமல் பெரும்பகுதியைச் சிங்கப்பூர் 2005இல் ஏறத்தாழ 3.2 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நடத்தவிருந்த கண்காட்சியை 2011இல் எதிர்ப்பின் காரணமாகக் கைவிட்டார்கள். அந்தக் கும்பலில் நீல-வெள்ளைத் தட்டுகள் மூன்றே மூன்று. முழுசாகக் கிடைத்த சீன நீல-வெள்ளையில் மிகப் பழையவை அவை. சிங்கப்பூர் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் அந்தச் சரக்கு இருக்கிறது. மற்ற ஆயிரக்கணக்கான கலங்களின் மத்தியில் வைத்துப் பார்க்கும்போதுதான் மூன்றின் அபூர்வம் உறைக்கும். அந்த மூன்றும் மூன்று செல்வந்தர்களின் வரவேற்பறைக்குப் போயிருந்தால் அவை வெறும் மங்கலான பழைய தட்டுகள்.

நம் கரைக்கும் இந்தச் சரக்கு வந்தது, ஆனால் சில்லாகத்தான் எஞ்சியிருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1980களின் பிற்பகுதியில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்தபோது பதிமூன்று, பதினான்காம் நூற்றாண்டுச் சீன ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் அவற்றை ஆராய்ந்தார்கள். பச்சை நிறச் செலடான்தான் அதிகம், நீல-வெள்ளையும் இருந்தது. ஈரானில் அர்தபீல் தர்கா வளாகத்துக்கு ஷா அப்பாஸ் 1611இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்களைக் காணிக்கையாகக் கொடுத்தார். இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அங்கெல்லாம் முழுப் பாத்திரங்கள். இங்கே ஏன் இல்லை என்று சில நண்பர்கள் வருத்தப்படுவார்கள். எனக்கு வருத்தமில்லை. அரண்மனைக் கருவூலத்தில் தூங்கியது முழுசாக இருக்கிறது, புழங்கியது உடைந்தது. சில்லுக்கு இன்னொரு யோக்கியதையும் உண்டு: எந்த ஊர், எத்தனை அடி ஆழம், கூடக் கிடந்தது என்ன என்ற விவரம் அதனோடு இருக்கிறது. சந்தையில் லட்சக்கணக்கில் விலைபோகும் முழு ஜாடிகள் பலவற்றுக்கு எங்கிருந்து வந்தாய் என்று கேட்டால் பதில் இல்லை. விலை முழுமைக்குக் கிடைக்கிறது, வரலாறு சில்லிடம் இருக்கிறது. சேகரிப்பவர்களுக்கும் தொல்லியலாளர்களுக்கும் உள்ள தீராப் பகையில் நான் வாங்குவது ஒரு பக்கம், நம்புவது மறுபக்கம்.

சந்தையில் போலி என்ற பேச்சு வந்தால் பொழுது போவதே தெரியாது. அடியில் எழுதிய அரசர் பெயரைக் காட்டி விற்பது பழைய வித்தை. ஆனால் பொய்ப்பெயர் எல்லாமே மோசடி அல்ல. பதினேழாம் நூற்றாண்டு இறுதியில் காங்ஷி அரசர் காலத்துத் தட்டில், இருநூறு ஆண்டு முந்தைய செங்ஹுவா அரசரின் பெயர் இருக்கும். முன்னோருக்குக் காட்டிய மரியாதை அது. வாங்கியவரும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். 1677இல் ஜிங்தேஜென் அதிகாரி ஒருவர் ஆளும் அரசரின் பெயரைப் பாண்டங்களில் எழுதக் கூடாது, உடைந்தால் அவமரியாதை என்று தடை போட்டார். அதனால் அந்தக் காலத்துத் தட்டுகளின் அடியில் இரட்டை வளையம் மட்டும் இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது, அல்லது ஓர் இலை. வளையம் போடுகிறவருக்குச் சம்பளம் வளையத்துக்குத்தானே, அவர் போட்டுவிட்டார். இப்போதைய போலிகள் வேறு ரகம். உண்மையான பழைய அடிவளையச் சில்லைப் பத்திரமாக வெட்டியெடுத்து, புதிதாகச் செய்த ஜாடிக்கு அடியாகப் பொருத்திச் சுட்டுவிடுகிறார்கள். தடவிப் பார்க்கச் சொன்ன பினாங்குப் பெரியவரின் விரலையே ஏமாற்றும் வேலை. அதைச் செய்கிறவர்களும் பெரும்பாலும் ஜிங்தேஜென்காரர்கள்தான். மண் அதே மண், தொழில் வழிவழியாக வந்த தொழில். அவர்களைப் போலிக்காரர்கள் என்று முழு மனதோடு திட்ட முடியவில்லை; மூவாயிரம் சூளைக்காரர்களின் வாரிசுகளிடம் சந்தை கேட்பது பழைய தட்டு, அவர்கள் எப்போதும்போல் கேட்டதைச் செய்துகொடுக்கிறார்கள்.

நான் கடைகளில் தேடும் அடையாளம் ஒன்று உண்டு, அதற்கு யாரும் விலை வைப்பதில்லை. தட்டின் உட்புறத்தில், ஏரிக்கும் விளிம்புக்கும் நடுவே, வட்டமாக மங்கிப்போன தேய்வு. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்தால் பளபளப்பு அந்த வட்டத்தில் மட்டும் அறுந்திருக்கும். மேலே இருந்த தட்டின் பூச்சில்லாத அடிவளையம் பல ஆண்டு உட்கார்ந்து, எடுக்கும்போதும் வைக்கும்போதும் உரசிய தடம். அந்த வட்டத்தின் அளவை வைத்து மேலே இருந்தது அதே அளவுத் தட்டா, சின்னதா என்றுகூடச் சொல்லிவிடலாம். இணைத்தட்டுகள் உடைந்தோ பங்கு பிரித்தோ போயிருக்கும். அவை இருந்ததற்கு இது சாட்சி. சேகரிப்புக் கையேடுகளில் இதற்குக் குறைபாடு என்று பெயர். ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் துணி வைக்க வேண்டும், அடுக்கவே கூடாது, தனித்தனித் தாங்கியில் நிறுத்த வேண்டும் என்று அறிவுரை. என் அலமாரியில் தாங்கி இல்லை. அடுக்கித்தான் வைத்திருக்கிறேன், துணி மட்டும் வைக்கிறேன், அதுவும் வீட்டில் திட்டு விழுந்த பிறகு. தேய்ந்த தட்டைக் காட்டி “இதுல பாலிஷ் போயிருக்கே” என்று இழுத்தால் கடைக்காரர் உடனே நூறு இருநூறு குறைப்பார். எனக்கு வேண்டியது அந்தத் தேய்வுதான் என்று நான் இதுவரை எந்தக் கடையிலும் வாய் திறந்ததில்லை, இனியும் திறக்கப்போவதில்லை.